வாசலில் ஊற்றிய தண்ணீர்

அது ஐம்பத்தொன்பதாம் வருஷமா அறுபதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனி மாதம், சாரல் விழத் தொடங்கிய பிறகு. அதுவரை சரி. மாடத்தி என் அறைக்குக் குடையோடு வந்தாளா, நனைந்து வந்தாளா என்று கேட்டால் நனைந்து வந்தாள் என்றுதான் சொல்வேன். அது நான் பின்னால் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். நிறையப் படிக்கிறவனுக்கு இந்தக் கஷ்டம் உண்டு. படித்ததும் பார்த்ததும் ஒரே அலமாரியில் ஏறிவிடுகின்றன.

கோலத்தைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

தென்காசியில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. போலீஸ் உத்தியோகத்தை விட்ட பிறகு, தொலைந்த ஆட்களையும் தொலைந்த பொருள்களையும் தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. உதவிக்கு அப்துல் மஜீது. முன்பு சர்க்கஸ் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். நான் ஒரு நாளில் பேசுவதை அவன் ஒரு டீ ஆறுவதற்குள் பேசிவிடுவான்.

மாடத்தி உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"அய்யா, எங்க வீட்டுக்காரரு யாரையும் கொல்லல்ல."

"உங்க வீட்டுக்காரரு யாரும்மா?"

"சுடலையாண்டி. இலஞ்சியில ராக்காவலுக்கு இருந்தாவள்லா, அவுக."

மஜீது பேப்பரைக் கீழே வைத்தான். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வழக்கு அது. இலஞ்சியில் அரிசி ஆலை வைத்திருக்கும் கைலாசம், மனைவியோடு சிவகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அவருடைய விதவை அக்கா ரெங்கம்மாள் மட்டும். வியாழக்கிழமை மாலை அவர்கள் திரும்பியபோது பின்புற ஜன்னல் கம்பி வளைந்திருந்தது. நகைப்பெட்டி இல்லை. அக்கா மண்டை உடைந்து செத்துக் கிடந்தாள். புதன்கிழமை இரவு திருடன் புகுந்தான் என்றது போலீஸ். ஜன்னலடியில் கிடந்த பூண் போட்ட கம்பு சுடலையாண்டியின் காவல் கம்பு.

"கம்பு அவருதுதான?" என்று கேட்டேன்.

"அவரு வச்சிருந்ததுதான். ஆனா அதைத் திருப்பிக் குடுத்தாச்சே அய்யா. போன மாசம் மொதலாளி, இனி காவலு வேண்டாம், வீடு பூரா இரும்பு போட்டுக்கிடுதேன்னு இவரை நிப்பாட்டிட்டாவ. இவரு கோவத்துல, ஒங்க பூணும் வேண்டாம் கம்பும் வேண்டாம்னு அவுக தொழுவத்துல சாத்திட்டு வந்துட்டாரு. சும்மா வந்தாரா? தெருவுல நின்னு வாயை விட்டுட்டுல்லா வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். "நான் இல்லாம இந்த வீட்டுல எவன் நிம்மதியாத் தூங்குதான்னு பாக்கேன்னு."

"கயித்தை அவரே திரிச்சுக் குடுத்திருக்காரு" என்றான் மஜீது.

நான் அவனைப் பார்த்தேன். அவன் வாயை மூடிக்கொண்டான். மாடத்திக்குக் கோபம் வரவில்லை.

"ஆமா அண்ணாச்சி. அதான் வந்தேன். தூக்குல போட்டுருவாவளா?"

போட்டுவிடுவார்கள் என்பதுதான் பதில். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

*

கைலாசத்தின் மனைவி அந்த வீட்டில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் புருஷனும் மனைவியும் குற்றாலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்கள். இலஞ்சி வீட்டுக்குக் காவலாகக் கான்ஸ்டபிள் ஏசுதாசன் நின்றார். என்னோடு வேலை பார்த்தவர். சாவியைக் கையில் கொடுக்காமல் கதவைத் திறந்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நான் அதுவரை அப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை. முன்கதவில், திண்ணைத் தூண் மறைவில் தெருவுக்குத் தெரியாமல், தேங்காய் அளவுக்குத் திண்டுக்கல் பூட்டு. ஜன்னல்களுக்கு இரட்டைக் கம்பி. முற்றத்துக்கு மேலே, வானம் தெரியும் இடம் முழுக்க இரும்பு வலை. புறவாசல் மதில் மேல் கண்ணாடிச் சில்லுகள்; அவற்றின் மேல் இந்த வருஷத்துச் சாரலில் பிடித்த பச்சைப் பாசி, கலையாமல்.

"அண்ணாச்சி, உள்ள போயித் திருடணும்னு என்ன இருக்கு?" என்றான் மஜீது. "இந்த இரும்பைக் கழத்தி வித்தாலே ஒரு பொண்ணைக் கட்டிக்குடுத்துரலாம். இந்த வீட்டுக்கு எமன் வந்தாலும் சாவி கேட்டுத்தான் வரணும்."

"எமன் வந்துட்டுப் போயிட்டாருல்லா" என்றார் ஏசுதாசன்.

வளைந்த ஜன்னலுக்குப் போனோம். மஜீதைப் புகுந்து பார்க்கச் சொன்னேன். அவன் நோஞ்சான். தலை போயிற்று, ஒரு தோள் போயிற்று. அதோடு சரி.

"இழுங்க! அண்ணாச்சி, இழுங்க! பட்டப்பகல்ல மாட்டிக்கிட்ட மொதத் திருடன் நாந்தான்."

ஏசுதாசனும் நானும் காலைப் பிடித்து இழுத்தோம்.

"சுடலையாண்டி எப்படி ஆளு?" என்று ஏசுதாசனிடம் கேட்டேன்.

"ரெண்டு மஜீது."

"அப்ப?"

"ஒல்லியா ஒரு கூட்டாளி இருந்திருப்பான், பிடிச்சிருவோம்னு இன்ஸ்பெக்டர் சொல்லுதாரு."

"என்னைவிட ஒல்லியாவா?" மஜீது விலாவைத் தடவினான். "அப்ப அவன் திருடன் இல்ல, ஊதுவத்தி."

ரெங்கம்மாள் கிடந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். ஏசுதாசன் ஜன்னல் அறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, முன்கதவுக்கு வந்தார். "இந்தா, இங்கன. கதவுல தலை சாஞ்சாப்ல. சேலை முட்டுப் பூரா பாசி. முத்தத்துலதான் அடிச்சிருக்கான். அங்கனயிருந்து இழுத்துட்டு வந்திருக்கான்."

"வெளியே பூட்டின கதவுக்கு எதுக்கு இழுத்துட்டு வரணும்?"

அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"பின்கதவு?"

"அதுக்கும் பூட்டு. ரெண்டு சாவியும் அன்னைக்குக் கைலாசம் இடுப்புலதான் இருந்துது."

"அந்தம்மா வெளிய வரணும்னா?" என்று கேட்டான் மஜீது.

"வரவேண்டாம்னுதான் பூட்டினது. வீட்டுக்குள்ள ஒரு ஆளு இருக்கணும்லா. பாதுகாப்புக்கு."

"யாருக்கு, நகைக்கா அக்காவுக்கா?"

முற்றத்தில் சாரல் வலையில் பட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வரும்போது ஏசுதாசன் வாசலைக் காட்டினார். "வியாழக்கிழமை நான் வாரப்ப இங்கன கோலம் பளிச்சுன்னு கெடந்துது. உள்ள பொணம், வாசல்ல கோலம். நான் வேதக்காரன். எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

"யாரு போட்டது?"

"எதுத்த வீட்டு செண்பகம். மாசக் கூலி. வீட்டுல எல்லாரும் இருக்காப்ல வெளியே தெரியணும்னு, ஊருக்குப் போனாலும் போடச் சொல்லியிருக்காரு."

*

செண்பகம் தன் வீட்டு முன்னால் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள்.

"வியாழக்கிழமை நீதான் கோலம் போட்டியாம்மா?"

"பொணம் கெடக்குன்னு தெரிஞ்சா போட்டிருப்பனா அய்யா?" என்றாள். "உள்ள சத்தம் இல்ல, ரெங்கம்மா ஆச்சி தூங்குதாளாக்கும்னு நெனச்சித் தெரியாமப் போட்டுட்டேன். மறுபடி மறுபடி அதேதான் நெனப்பு."

"புதன்கிழமை?"

"அன்னைக்கும் விடியப் போட்டேன். அதை எந்த நாசமாப் போறவனோ அழிச்சிட்டான். நான் குளத்துக்குப் போயிட்டு வாரதுக்குள்ள தண்ணியை ஊத்திக் காலால தேச்சி வச்சிருக்கான்."

"சாரல் அழிச்சிருக்கும்க்கா" என்றான் மஜீது.

"மேல ஓட்டுச் சாய்ப்பு இருக்கு. சாரல் எங்கன கூடி வரும்? வாளித் தண்ணி அண்ணாச்சி. எவனாவது சேட்டைக்குச் செஞ்சிருப்பான்னு நெனச்சேன்."

"புதன் காலையில ஆச்சி உள்ள இருந்தாளா?"

"இருந்தா. சத்தம் கேட்டுது."

"என்ன சத்தம்?"

"எப்பவும் போலத்தான்."

அவள் உட்கார்ந்து சாம்பலை அள்ளிப் பானையில் தேய்க்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே துலக்கின பானை.

நாங்கள் குற்றாலம் போகும் சாலையில் நடந்தோம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, அதைத் தாண்டி நாற்று நட்ட வயல். மஜீது ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குக் காதில் விழவில்லை. என் அப்பா செத்த காலையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு நின்றதும் என் அம்மா அழவில்லை. எழுந்து நேராக வாசலுக்குப் போனாள். விடியற்காலையில் தானே போட்ட கோலத்தின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காலால் தேய்த்தாள். பிறகு உள்ளே வந்துதான் அழுதாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். காலுக்கே அது தெரியும்.

"மஜீது, ஒரு கேள்வி."

"அப்பாடா. ஊமையாயிட்டியளோன்னு பயந்துட்டேன்."

"உள்ள ஒருத்தியைக் கொன்னுட்டு நகையோட போறவன், வாசல் கோலத்தை நின்னு அழிச்சிட்டுப் போவானா?"

அவன் சிரிக்க வாயெடுத்தான். பாதியில் நிறுத்திவிட்டான். எங்கள் ஊர்க்காரன், விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அது தீட்டுக்காரன்லா செய்வான்" என்றான் மெதுவாக. "திருடனுக்கு ஏது அண்ணாச்சி தீட்டு?"

"அதுவும் புதன் காலையில. திருடன் வந்ததாச் சொல்லுத ராத்திரிக்கு முன்னால."

*

பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரச் சேலைகள், கூச்சல். கல்மண்டபத்தின் ஓரத்தில் கைலாசம் தலை மழித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். காரியம் முடிகிறவரை தினமும் வந்து முழுகிவிட்டுப் போகிறார் என்று சொன்னார்கள். மார்பில் பூணூலைப் போல ஒரு கறுப்புக் கயிறு. அதில் சாவிக்கொத்து.

பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அருவிச் சத்தத்தில் பேசாமல் இருப்பது எளிது. மஜீதும் அன்று பேசாமல் நின்றான்.

வெகு நேரம் கழித்து அவரே கேட்டார். "என்ன வேணும் ஒங்களுக்கு?"

"புதன்கிழமை காலையில அந்தக் கோலத்தை அழிச்சது நீங்கதான அண்ணாச்சி?"

அவர் அருவியைப் பார்த்தார். கை சாவிக்கொத்துக்குப் போயிற்று. மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் எங்களிடம் காட்ட வேறு ஒன்றும் இல்லை.

"செய்யணும்னு செய்யல்ல" என்றார். "கால் தானாப் போயிட்டு."

பிறகு அவர் சொன்னதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

"பூட்டைப் பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். கல்யாண வீட்டுல எல்லாரும் சிரிக்காவ, எனக்குப் பூட்டு நெனப்பு. சரியாப் பூட்டினமா, இழுத்துப் பாத்தமா. பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாம மொத பஸ்ஸுல வந்துட்டேன். குடை பிடிச்சிருந்தேன், யாரும் பாக்கல்ல. பூட்டு நல்லாத்தான் இருந்துது. வந்ததுக்கு அக்காளைப் பாத்துட்டுப் போவோமேன்னு தொறந்தேன். கதவு லேசில நகரல்ல. அவ அதுல சாஞ்சு கெடந்தா."

"செத்திருந்தாளா?"

"மேலு சூடு ஆறல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முத்தத்துல வழுக்கி விழுந்து மண்டையில அடிபட்டிருக்கு. அங்கனயிருந்து கதவு வரைக்கும் ரெத்தம். நான் வெளியே வந்து, தண்ணியை ஊத்தி, கோலத்தை... அப்பமும் எனக்குக் கள்ளப் புத்தி இல்ல. ஊரைக் கூப்பிடத்தான் நெனச்சேன். கையில பாத்தா பூட்டு. திருடன் கொன்னான்னா ஊரு எனக்காக அழும். பூட்டு கொன்னுதுன்னா?"

"அதனால?"

"பெட்டியைப் பத்தாயத்துல நெல்லுக்கு அடியில வச்சேன். ஜன்னலை வளைக்கதுக்கு என்ன இருக்குன்னு பாத்தேன். தொழுவத்துல கம்பு நின்னுது."

"அது யாரு கம்புன்னு தெரியாதா ஒங்களுக்கு?"

அவர் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தார்.

மஜீது முதல் முறையாக வாய் திறந்தான். அவன் குரலில் விளையாட்டே இல்லை. "மொதலாளி, அந்தாளு பொண்டாட்டி தூக்குல போட்டுருவாவளான்னு எங்ககிட்ட வந்து கேட்டா. நான் என்ன சொல்லட்டும்?"

கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாரேன். எங்க வரணுமோ வாரேன்." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். தன்னைக் கொஞ்சமாவது நியாயப்படுத்தாமல் நடக்க அவருக்குக் கால் வரவில்லை போலும். "அவளை நான் கட்டாயப்படுத்தல்ல அண்ணாச்சி. சந்தோசமாத்தான் ஒத்துக்கிட்டா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். காலையில வெங்கலப் பானையைத் தட்டணும், எங்க பேரையெல்லாம் சொல்லி ஏசணும், வீட்டுல கூட்டம் இருக்காப்ல கேக்கணும்னு. பேசிப் பழகிக் காட்டினா. வீடே சிரிச்சுது."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"இது செண்பகத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். உள்ள என்ன சத்தம் கேட்டாலும் கண்டுக்காத, யாருகிட்டயும் மூச்சு விடாதன்னு சொல்லித்தான் போனேன்."

*

கைலாசத்தை மஜீதோடு தென்காசிக்கு அனுப்பிவிட்டு நான் தனியாக இலஞ்சிக்குத் திரும்பினேன். போகாமல் இருக்க முடியுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். முடியாது. அக்காவை அவரே அடித்துவிட்டுக் கதை சொல்கிறாரா என்று நாளை கோர்ட்டில் கேட்பார்கள். சுடலையாண்டியும் உடந்தை என்பார்கள். அவர் வருவதற்கு முன்பே ரெங்கம்மாள் விழுந்து கிடந்தாள் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

செண்பகம் என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"மொதலாளி எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. அவரு வாரதுக்கு முன்னால, புதன் காலையில, ஆச்சி என்ன சொன்னா?"

அவள் வாசலைப் பார்த்தாள். பேசத் தொடங்குவாள் என்று நம்பி நான் காத்திருந்தேன்.

"மத்த நாளெல்லாம் நல்லாச் சத்தம் போடுவா. ஏலே கைலாசம், எந்திரிலே, விடிஞ்சிட்டும்பா. ஏட்டி, காப்பி ஆறுதும்பா. பானையைத் தட்டுவா. எனக்குக் கோலம் போட முடியாமச் சிரிப்பா வரும்."

"புதன்கிழமை?"

"பானை தட்டல்ல. கதவுகிட்ட இருந்தே பேசினா. 'கைலாசம், கதவைத் தொறலே.' அதையேதான் சொன்னா. குரலு தாழ்ந்து கேட்டுது. இன்னைக்குப் புதுசாச் சேத்திருக்கான்னு நெனச்சேன் அய்யா." அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். "கோலத்தை முடிச்சிட்டு, கதவுகிட்ட வாயை வச்சி, 'ஆச்சி, நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனேன்."

இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் கோர்ட்டிலும் அதையே சொன்னாள், ஒரு சொல்லும் மாறாமல். அப்போது கைலாசம் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். கதவு வரைக்கும் ஊர்ந்து வந்ததுமே அக்காவுக்கு நினைவு தப்பியிருக்கும் என்றுதான் அதுவரை அவர் நம்பியிருந்தார்.

சுடலையாண்டி விடுதலையானார். அதற்குப் பிறகு அவர் காவல் வேலைக்குப் போகவில்லை. மாடத்தியோடு செங்கோட்டைக்குப் போய் மரக்கடையில் சேர்ந்தார். கைலாசம் பொய் வழக்கு ஜோடித்ததற்காகப் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு வந்து, ஆலையை விற்று, மனைவியின் ஊரான ராயகிரிக்குக் குடிபோனார். இலஞ்சி வீட்டை வாங்க ஆள் வரவில்லை. அதன் முன்கதவில் பூட்டு இல்லை. யாரும் உள்ளே போவதும் இல்லை. ஏசுதாசன் ஹெட் கான்ஸ்டபிளாகி ஓய்வு பெற்றார். மஜீது புனலூரில் டீக்கடை வைத்தான். சில வருஷம் முன்பு இறந்துபோனான். நான் அதே மாடி அறையில் இருக்கிறேன், இப்போது படிப்பது மட்டும்தான் வேலை.

செண்பகம் இன்னும் இலஞ்சியில் கூலிக்குக் கோலம் போடுகிறாள். எந்த வீடானாலும் முதலில் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து ஓர் ஆள் வந்து முகத்தைக் காட்டிய பிறகுதான் மாவைக் கையில் எடுப்பாள்.